அனுமதி இல்லையாம் அனுமதி!

இல்லண்ணே, நீங்களே நியாயம் சொல்லுங்க. இந்த மெஷினை அட்டைப் பெட்டியிலேருந்து பிரிச்சு எடுத்தவ நான். ஒயர் சொருகினவ நான். வாராவாரம் துணி எடுத்துத் தூசி தட்டறவளும் நான்தான். நான் வேலைக்கு வெச்ச ஆளைப் பார்த்து இது 'உனக்கு அனுமதி இல்லை'ங்குது! அனுமதி இல்லையாம் அனுமதி! யார் வீட்டுல வந்து யாரு யாரைத் தடுக்கறது?

ஏணி ஆடுதா? ஆடாதுண்ணே, நான் பிடிச்சுக்கறேன். நீங்க பாட்டுக்கு ஏசியைக் கழட்டுங்க, நான் பாட்டுக்குப் பேசிட்டிருக்கேன். இந்த சர்வர் ரூம்ல எனக்குப் பேச்சுத் துணைக்கு யாரு இருக்கா, சொல்லுங்க? நாலு மெஷின், ஒரு பேட்டரி. நாள் முழுக்க உர்ர்ர்னு முறைச்சுக்கிட்டே இருக்கும். ஒரு ஜன்னல் கிடையாது. செல்லுல டவர் கிடையாது, அதனால செல்லை மேலேயே என் மேசையில போட்டுட்டு வந்துடுவேன். இதுல ஏசியும் படுத்துக்கிச்சுன்னா? ரூம் சுடும், மெஷின் சுடும், அப்புறம் மாடியில இருக்கறவங்க எல்லாரும் சேர்ந்து என்னைச் சுடுவாங்க.

எதுல விட்டேன்? ஆங், அனுமதி. இருங்க, முதல்லேருந்து சொல்றேன், அப்பத்தான் என் வயித்தெரிச்சல் புரியும்.

நம்ம கம்பெனியில ஆஸ்பத்திரிக் கட்டில், சக்கர நாற்காலி எல்லாம் செய்யறாங்கன்னு தெரியுமில்ல? வாசல்லயே நிக்குதே, வரும்போது இடிச்சுக்கிட்டீங்களே, அதேதான். கட்டில் வேணும், சக்கரம் கழண்டுடுச்சு, அது இதுன்னு எங்கெங்கேயிருந்தோ மெயில் வரும். எல்லாம் முதல்ல இந்தக் கறுப்பு மெஷினுக்குத்தான் வரும். இது பிரிச்சு அவங்கவங்க கம்ப்யூட்டருக்கு அனுப்பும். தபால் ஆபீஸ்னு வெச்சுக்கோங்க. போஸ்ட்மாஸ்டர் யாரு? அடியேன்!

நல்ல மெயில் மட்டும் வந்தா நான் ஏன் புலம்பறேன்? ஒரு நல்ல மெயிலுக்கு ஒன்பது குப்பை வருதுண்ணே! உங்களுக்கு லாட்டரி விழுந்திருக்கு, பெயர் தெரியாத மாமா சொத்து எழுதி வெச்சிருக்கார், எடை குறைய மாத்திரை... நம்ம பெரியவர், அதான் முதலாளி, அவருக்குத் தலையில மருந்துக்குக் கூட முடி கிடையாது. அவருக்குன்னு பார்த்து தினமும் முடி வளர்ற எண்ணெய் விளம்பரம்! ஆபீஸ்ல எவனோ வேணும்னே கேலி பண்றான்னு நினைச்சுட்டார் மனுஷன். யாரு சிரிச்சாலும் முறைக்கிறார். கணக்குப் பிள்ளை பாவம், அவருக்கு இயல்பாவே சிரிச்ச முகம். அவரைக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் விசாரணை!

அப்புறம்தான் கோட்டு போட்டுக்கிட்டு ஒருத்தன் வந்தான், ஏதோ வெளிக் கம்பெனிக்காரன். 'உங்க மெயிலை எங்ககிட்ட விட்டுடுங்க சார், ஒரு குப்பை எட்டிப் பார்க்காது'ன்னான். பெரியவர் என்னைக் கூப்பிட்டார். 'இதோ பாரும்மா, அடுத்த வாரம் மீட்டிங். அதுக்குள்ள நீ குப்பையை நிறுத்தினா மெயில் உன்கிட்ட இருக்கும். இல்லேன்னா அவன்கிட்ட. உன்னைக் கைவிட மாட்டேன், ஸ்டோர்ஸ்ல இடம் தர்றேன்.' ஸ்டோர்ஸ்ல! கட்டில் சக்கரத்தை எண்ணி எண்ணி டப்பாவுல போடணுமாம்! படிச்ச படிப்பென்ன, பார்க்கற வேலையென்ன! எனக்கு இந்த ரூம்தாண்ணே எல்லாம். உர்ருன்னு இருந்தாலும் இது என் ரூம். இதை விட்டுட்டுப் போகச் சொன்னா நான் உடைஞ்சே போயிடுவேன்.

பெரியவர் காதுல இந்த வெளிக் கம்பெனி விஷயத்தை ஊதினது யாருன்னு நினைக்கறீங்க? சாட்சி கிடையாது. ஆனா எனக்குத் தெரியும். என் நாத்தனார்!

ஆமாண்ணே, என் வீட்டுக்காரரோட அக்கா. இங்கதான் மேனேஜர். ஆளெடுக்கறது, லீவு குடுக்கறது எல்லாம் அவங்க கையில. எனக்கு இந்த வேலையை வாங்கிக் குடுத்ததும் அவங்கதான், நான் இல்லேங்கல. அதுக்காக? காலையில ஆபீஸ் திறந்ததும் திறக்காததுமா எல்லாருக்கும் ஒரு மெயில் போடுவாங்க பாருங்க. 'இனிய காலை வணக்கம்'னு ஆரம்பிக்கும். ஒரு ரோஜாப்பூ. பூவுக்குக் கீழ ஒரு தத்துவம். 'பொறுமை கசக்கும், அதன் கனி இனிக்கும்.' ஏன், இது நேரா என்கிட்ட சொல்ற மாதிரி இல்ல? தத்துவத்துக்குக் கீழ கம்பெனி வாசகம் வேற. 'நோயாளி நிம்மதியாகப் படுக்க, நாங்கள் நிற்கிறோம்!' எல்லார் மெயிலுக்கு அடியிலயும் இந்த வாசகம் தானா வரணும்னு உத்தரவு போட்டதும் அவங்கதான். நான்தான் உக்காந்து ஒவ்வொரு கம்ப்யூட்டரா அதை ஏத்தினேன்.

அந்த ஸ்க்ரூ என் காலடியில விழுந்துடுச்சு. இந்தாங்க.

இப்ப ஃபில்டருக்கு வர்றேன். ஃபில்டர்னா வாசல்ல நிக்கிற காவல்காரன் மாதிரி. குப்பை வந்தா ஓரமாத் தள்ளிடும். ஆனா அதுக்குச் சொந்த புத்தி கிடையாதுண்ணே. நாமதான் பழைய மெயிலைக் காட்டிக் காட்டி, இது குப்பை, இது நல்லதுன்னு சொல்லிக் குடுக்கணும். அதுவா பார்த்து, ஓஹோ இந்த வார்த்தை இருந்தா குப்பை போலிருக்குன்னு தெரிஞ்சுக்கும். நானும் மலை மாதிரி குப்பை மெயிலைக் காட்டிக் கத்துக் குடுத்தேன். கத்துக்குடுத்தா, மறுநாளும் எண்ணெய் விளம்பரம் ஜம்முனு வந்து நிக்குது!

என்னடான்னு லாக்கைத் திறந்தேன். லாக்குன்னா, மெஷின் தனக்கு நடந்ததை எல்லாம் தானே எழுதி வெச்சுக்கும். பார்த்தா, வரிக்கு வரி 'அனுமதி இல்லை, அனுமதி இல்லை'ன்னு எழுதி வெச்சிருக்கு.

ஏன்னு கேளுங்க. என் நாத்தனாரை வெச்சே சொல்றேன். ஆபீஸ்ல அவங்க 'மேடம்'. வீட்டுல 'அக்கா'. மேடமா இருக்கையில எனக்கு லீவு குடுக்கலாம். அக்காவா வந்தா லீவு குடுக்க முடியாது, ஆனா என் சமையல்கட்டுல உப்பு டப்பா எங்க இருக்கணும்னு சொல்லலாம். ஆள் ஒண்ணுதான். எந்தப் பேர்ல வர்றாங்களோ அந்தப் பேருக்குத்தான் அதிகாரம். மெஷினுக்குள்ளயும் அதே கதைதான். நான் நுழையறது 'ரூட்'ங்கற பேர்ல. ரூட்டுன்னா எஜமானி, அவளைக் கேக்க ஆள் கிடையாது. ஃபில்டர் பாவம் வேலைக்காரன், அதுக்குத் தனியா ஒரு சின்னப் பேர். நான் எஜமானியா உக்காந்து பாடம் சொல்லிக் குடுத்தேனா? பாடம் எழுதின ஃபைல் எல்லாம் எஜமானி பேர்ல பதிவாயிடுச்சு. வேலைக்காரன் வந்து திறந்தா, 'அம்மாவோட பீரோவுல கை வைக்காதே'ன்னுடுச்சு!

அவ்வளவுதானே, ஃபைலைத் திறந்து பார்க்க அனுமதி குடுத்தேன். மறுபடியும் இல்லேங்குது. ஏன்? ஃபைல் ஒரு ஃபோல்டருக்குள்ள இருக்கு. பீரோ சாவியைக் குடுத்துட்டேன், ரூம் பூட்டியிருக்கு. ரூமைத் திறந்து விட்டேன். அந்த ஃபோல்டர் இன்னொரு ஃபோல்டருக்குள்ள இருக்கு, அங்க வாசக்கதவு பூட்டியிருக்கு. சாமி வரம் குடுத்தாலும் பூசாரி வரம் குடுக்கணுமேன்னு சொல்வாங்களே, இங்க ஒரு சாமிக்குப் பத்து பூசாரி!

வந்துச்சு பாருங்க எனக்குக் கோவம். எவன் வேணா வா, எவன் வேணா படி, எவன் வேணா எழுதுன்னு எல்லாக் கதவையும் மொத்தமாத் திறந்து விட்டுட்டேன். அதுக்கு இந்த மெயில் சர்வர் என்ன சொல்லுச்சு தெரியுமா? 'இதுல தெருவுல போறவன்கூட எழுதலாம் போலிருக்கே, இதை எப்படி நான் நம்பறது? நான் தொட மாட்டேன்.' எப்படி இருக்கு? குடுக்கலேன்னாலும் குத்தம், குடுத்தாலும் குத்தம்! சரியா என் நாத்தனார்தான். போன மாசம் அவங்களுக்குப் புடவை எடுத்துக் குடுத்தேன், 'எதுக்கு இவ்வளவு செலவு'ன்னாங்க. அதுக்கு முந்தி எடுக்காம இருந்தேன், 'எனக்கெல்லாம் யாரு எடுப்பா'ன்னாங்க.

சிரிக்காதீங்கண்ணே, ஏணி ஆடுது.

அப்புறம் ஒரு வழியாப் புத்தி வந்து, ஃபைலையே ஃபில்டர் பேருக்கு எழுதி வெச்சுட்டேன். நீயே வெச்சுக்கடா சாமின்னு. வேலை செஞ்சுது! சாயங்காலம் ஒரு எண்ணெய் விளம்பரம் வந்து மாட்டிச்சு, எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. வீட்டுக்குப் போய்ப் பால் காய்ச்சிக் குடிச்சுட்டு நிம்மதியாத் தூங்கினேன். காலையில வந்து பார்த்தா வேதாளம் பழையபடி முருங்கை மரத்துல! அனுமதி இல்லை! மறுபடி எழுதிக் குடுத்தேன். சாயங்காலம் நல்லாருக்கு, காலையில கெட்டுப் போகுது. எவனோ திருடன் மெஷினுக்குள்ள பூந்துட்டான்னு நினைச்சேன். பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். உண்மையைச் சொல்லணும்னா, நாத்தனாரைக் கூட ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன். அவங்களுக்கு இந்த மெஷினை ஆன் பண்ணவே தெரியாது, அது வேற விஷயம்.

கடைசியில யாருங்கறீங்க? நானேதான்! சாயங்காலம் கிளம்பறப்ப, நல்லா வேலை செய்யுதான்னு ஒரு தடவை சோதிச்சுப் பார்ப்பேன் பாருங்க, ரெண்டு மெயிலை எடுத்து இதையும் கத்துக்கோன்னு காட்டுவேன். அதை எஜமானி பேர்லயே பண்ணியிருக்கேன். பண்ணின உடனே ஃபைல் திரும்ப எஜமானி பேருக்கு வந்துடுது! வெந்துடுச்சா வெந்துடுச்சான்னு மூடியைத் திறந்து திறந்து பார்த்தா, உலை எங்கேருந்து கொதிக்கும்? ஆனா சின்னப் பேர்ல நுழைய எனக்கு மனசு வரலண்ணே. ரூட்டுன்னு நுழைஞ்சாத்தான் ஒரு கம்பீரம். இந்த ஆபீஸ்ல வேற எங்க எனக்கு எஜமானிப் பேரு கிடைக்குது?

இன்னிக்குக் காலையில ஆபீஸ் திறக்கறதுக்கு முந்தியே வந்து, பிடிவாதத்தை எல்லாம் மூட்டை கட்டி வெச்சுட்டு, அந்த வேலைக்காரன் பேர்லயே அடக்க ஒடுக்கமா உள்ள போய், பாடம் முழுசையும் முதல்லேருந்து கத்துக் குடுத்தேன். முடிச்சுட்டுக் கையைக் கட்டிக்கிட்டேன், எதையும் தொடல. அடடா! தங்கமா வேலை செய்யுது! லாக்குல ஒரு 'அனுமதி இல்லை' கிடையாது. இன்னிக்கு மத்தியானம்தான் மீட்டிங், நெஞ்சை நிமிர்த்திக்கிட்டுப் போவேன். அந்தக் கோட்டு முகத்தைப் பார்க்கணும்ணே நான்!

கீழ இறங்கறீங்களா? முடிஞ்சுதா? அதுக்குள்ளயா? ஓடவே இல்லையே... ஓ, கேஸ் நிரப்பிட்டு ஆன் பண்ணணுமா? பண்ணுங்க, பண்ணுங்க. அப்படியே இந்த ஸ்கிரீனைக் கொஞ்சம் எட்டிப் பாருங்க. இது என்னோட மெயில் பெட்டி. எவ்வளவு சுத்தமா இருக்கு பார்த்தீங்களா? காலையிலேருந்து ஒரு குப்பை வரல. லாட்டரி இல்ல, மாத்திரை இல்ல. நாத்தனாரோட ரோஜாப்பூ கூட இல்லண்ணே! கட்டில் ஆர்டர் இல்ல, ஸ்டோர்ஸ்லேருந்து வர்ற சக்கரக் கணக்கு இல்ல, பெரியவர்...

இருங்க.

ஒண்ணு கூடவா இல்ல?

இருங்கண்ணே, ஒரு நிமிஷம், கேஸ் அப்புறம் போடலாம். ஆபீஸ்னா ஒரு மெயில் கூடவா வராது? அந்தக் குப்பைத் தொட்டியைத் திறந்து பார்க்கறேன்... ஐயோ. ஐயய்யோ! இங்க இருக்குண்ணே எல்லாம்! கணக்குப் பிள்ளையோட மெயில், ஸ்டோர்ஸ் மெயில், வாசல் செக்யூரிட்டி கூட ஏதோ அனுப்பியிருக்கார். பெரியவரும் இங்கதான் கிடக்கார்! எல்லாரையும் பிடிச்சுக் குப்பையில போட்டுருக்கே! எதுக்கு? இவங்க எல்லாரும் என்ன எண்ணெயா விக்கிறாங்க?

...அந்த வாசகம். 'நாங்கள் நிற்கிறோம்.' எல்லார் மெயில்லயும் அடியில நிக்குதே, அந்த வாசகம். ஆர்டர்காரங்க நம்ம மெயிலுக்குப் பதில் போட்டா, அதுலயும் ஒட்டிக்கிட்டு வருமே!

அண்ணே, உங்ககிட்ட மட்டும் சொல்றேன். நாத்தனாரோட ரோஜாப்பூவை நான் ஒரு நாளும் படிச்சதில்ல. வந்த உடனே, சுட்டு விரலால ஒரு தள்ளு. எங்கே? 'குப்பை'ன்னு ஒரு ஃபோல்டர் வெச்சிருக்கேன், அதுக்குள்ள. வருஷக்கணக்கா தள்ளியிருக்கேன். அதுல ஒரு சின்ன சந்தோஷம், சொன்னா உங்களுக்குப் புரியாது. இந்த ஃபில்டருக்குப் பாடம் எடுக்கக் குப்பை வேணுமேன்னப்ப, அந்த ஃபோல்டரை அப்படியே அள்ளிக் கொட்டினேன். அது பாட்டுக்குப் படிச்சுப் பார்த்துட்டு, ஓஹோ, எதுல இந்த வாசகம் இருக்கோ அதெல்லாம் குப்பைன்னு தெரிஞ்சுக்கிச்சு. இத்தனை நாளா அனுமதி இல்லாததாலதான் நான் பிழைச்சிருக்கேன்! கதவைத் தட்டித் தட்டித் திறந்து விட்டது நானு! சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கறதுன்னா இதுதாண்ணே, இதேதான்.

நாத்தனார் என்ன அனுப்பியிருக்காங்கன்னு பார்க்கறேன். ஒண்ணு, ரெண்டு... நிறைய இருக்கே. 'மீட்டிங்கை முன்னாடியே வெச்சுட்டாங்க, உடனே மேல வா.' ஐயோ! 'எங்கே இருக்க? கோட்டுக்காரன் வந்து உக்காந்துட்டான்.' 'செல்லை எடுக்க மாட்டேங்கறியே, உடம்பு சரியில்லையா?' 'சரி, நீ வேலையில மூழ்கியிருப்பே. நானே பேசறேன். எனக்கு இந்தக் கம்ப்யூட்டர் பத்தி ஒண்ணும் தெரியாது, தப்பாச் சொன்னா மன்னிச்சுக்கோ.'

...இவங்களாண்ணே? இவங்களா எனக்காகப் பேசினாங்க?

இன்னொண்ணு இருக்கு. 'முடிஞ்சுது. அந்த மெஷினை இவளைத் தவிர யாரு தொட்டாலும் நான் ஒத்துக்க மாட்டேன்னு சண்டையே போட்டுட்டேன். கோட்டுக்காரனை அனுப்பியாச்சு. மெயில் உன்கிட்டத்தான். எனக்கு இன்னும் படபடன்னு வருது.'

எனக்கு வெக்கமா இருக்குண்ணே. நிஜமாவே ரொம்ப வெக்கமா இருக்கு. இவ்வளவு நேரம் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு யாரைப் பத்தி என்னென்ன பேசினேன்! அந்தப் பேச்சை எல்லாம் நீங்க மறந்துடுங்க, சரியா? கண்ணு காது மூக்கு வெச்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. நேரா மேல போய் அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு... என்னன்னு சொல்வேன்? ஏதோ ஒண்ணு சொல்றேன். முதல்ல இந்தப் பாடத்தை அழிச்சு, அடைஞ்சு கிடக்கறதை எல்லாம் வெளிய விட்டுட்டு...

பெரியவர் மெயிலைப் பார்க்கலையே. 'காலையிலேருந்து என் பெட்டி சுத்தமோ சுத்தம். எண்ணெயும் இல்லை, ஒண்ணும் இல்லை. பிரமாதம்!' பாவம், ஆர்டரே வரலைங்கறதை இன்னும் கவனிக்கல. 'மெஷினுக்குப் பாடம் சொல்லித் தரலாம்னு உன் நாத்தனார் சொன்னப்ப எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. எதை எதைக் குப்பைன்னு நீ சொல்லிக் குடுத்தேங்கறதை எங்களுக்கும் காட்டணும். மீட்டிங்ல இருந்த எல்லாரும் இப்பவே கீழ வர்றோம். உன் நாத்தனார்தான் முன்னாடி வர்றாங்க.'

இப்பவேன்னா எப்ப? இது அனுப்பி எவ்வளவு நேரமாச்சு?

அழிங்கறீங்களா? அழிக்கிறேன், அழிக்கிறேன்! அதைத்தானே அமுக்கறேன்! சுத்துது பாருங்க, சும்மா சுத்திக்கிட்டே இருக்கு! ஏசி இல்லாம மெஷின் சூடாகி நத்தையா ஊருது, அதுல வருஷக்கணக்கான ரோஜாப்பூ! வரிசையா தெரியுதே, 'இனிய காலை வணக்கம்', 'இனிய காலை வணக்கம்', ஸ்கிரீன் பூரா அவங்க பேருதான்! போடி, போ, சீக்கிரம் போ...

மாடிப்படியில செருப்புச் சத்தம் கேக்குதா? அது அவங்கதான், எனக்குத் தெரியும். அண்ணே, ஒரு உதவி. உங்க தங்கச்சியா நினைச்சுக்கோங்க. ஏசியிலேருந்து கேஸ் கசியுது, இப்ப யாரும் உள்ள வரக்கூடாது, வந்தா மூச்சு முட்டும்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பொய்தான், ஆனா நல்ல பொய். வாசல்ல போய் நின்னுக்கிட்டு, கையை இப்படி நீட்டி... எதுக்குப் பையைத் தூக்கறீங்க? வேலை பாதியில நிக்குதே! கேஸ் சிலிண்டர் வண்டியில இருக்கா? நீங்க அப்புறம் போய் எடுத்துக்கலாம்ணே, அது எங்கயும் ஓடிடாது! அண்ணே! போறதுதான் போறீங்க, கதவைச் சாத்திட்டாவது போங்க!

அண்ணே... யாருக்கு அப்படி மரியாதையாக் கதவைத் திறந்து பிடிச்சுக்கிட்டு நிக்கறீங்க?